வெண்களிமண்: ஆலையிலும் மருத்துவமனையிலும்

அறுவைச் சிகிச்சைக்கு முன்பு நோயாளியின் இரத்தம் உறைவதற்கு எத்தனை வினாடிகள் ஆகின்றன என்று ஆய்வகத்தில் பார்ப்பது வழக்கம். அறிக்கையில் அது 'ஏ.பி.டி.டி.' என்று குறிக்கப்பட்டிருக்கும். முற்காலத்தில் இச்சோதனையின் முடிவு கண்ணாடிக் குழாயின் உட்பரப்பைப் பொறுத்துச் சற்றே மாறிக்கொண்டிருந்தது. பிராக்டர், ராப்பபோர்ட் என்னும் இரு ஆய்வாளர்கள் 1961-இல் அதற்கு ஓர் எளிய தீர்வு கண்டனர். இரத்தத்தின் நீர்ப்பகுதியாகிய பிளாஸ்மாவுடன் சிறிதளவு வெண்களிமண் தூளைச் சேர்த்தனர். களிமண் துகளின் பரப்பைத் தொட்டதும் பன்னிரண்டாம் உறைகாரணி விழித்துக்கொள்ள, உறைதல் எல்லாக் குழாயிலும் ஒரே சீராகத் தொடங்கியது. இன்று வேறு பொருள்களும் அவ்விடத்தில் பயன்படுகின்றன. ஆயினும் சில ஆய்வகக் கரைசல்களில் களிமண் இன்னும் இருக்கிறது.

அந்தக் களிமண்ணின் பெயர் கயோலின். வணிகத்தில் சீனக் களிமண் என்பார்கள். பீங்கான், காகிதம், ரப்பர், வண்ணப்பூச்சு, சிமெண்டு எனப் பல தொழில்களுக்கு அடிப்படையாக உள்ள கனிமமும் இதுவே. நுரையீரல் மருத்துவர்களாகிய நாங்கள் களிமண்ணைப் பற்றி எழுத முற்படுவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். ஒரே பொருள் ஓரிடத்தில் மருந்துக்கு உதவுகிறது, வேறோரிடத்தில் நோய்க்குக் காரணமாகிறது. எந்த வழியாக உடலுக்குள் செல்கிறது, எவ்வளவு செல்கிறது, எத்தனை ஆண்டுகள் செல்கிறது, உடன் வேறு என்ன கலந்திருக்கிறது என்பவையே இரண்டையும் பிரிக்கின்றன. எங்கள் புறநோயாளிப் பிரிவுக்கு வரும் சிலருடைய நோயை உரிய காலத்தில் கண்டறிவதும் தவறவிடுவதும் இந்த வேறுபாட்டைச் சார்ந்திருப்பதால் இதனைச் சற்று விரிவாகக் காண்போம்.

பாறையிலிருந்து பீங்கானுக்கு

கருங்கல்லில் பெல்ஸ்பார் என்னும் கனிமம் உண்டு. நீரும் காலமும் சேர்ந்து அதனைச் சிதைக்கும்போது பொட்டாசியம் போன்றவை கரைந்துபோக, அலுமினியமும் சிலிக்கனும் ஆக்சிஜனோடும் நீரோடும் பிணைந்த மென்மையான வெண்ணிறப் பொருள் எஞ்சுகிறது. அதுவே கயோலினைட்டு. நுண்ணோக்கியில் பார்த்தால் ஆறு பக்கங்கொண்ட மெல்லிய தகடுகள் சீட்டுக்கட்டுப்போல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருப்பது தெரியும். அத்தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்குவதால்தான் ஈரக் களிமண் கையில் குழைகிறது.

சீனத்தின் ஜிங்டேஜென் நகருக்கு அருகிலுள்ள காவ்லிங் என்னும் குன்றின் பெயரே கயோலின் என்று திரிந்தது. அங்குப் பீங்கான் செய்யப்படும் முறையைப் பிரெஞ்சுப் பாதிரியார் தாந்த்ரகோல் 1712-இலும் 1722-இலும் எழுதிய கடிதங்கள் ஐரோப்பாவுக்குத் தெரிவித்தன. இங்கிலாந்தில் இந்த மண்ணைத் தேடிக் கண்டவர் பிளிமத் நகரத்து மருந்து வணிகர் வில்லியம் குக்வொர்தி. ஏறத்தாழ 1746-இல் கார்ன்வால் பகுதியில் அதனைக் கண்ட அவர், 1768-இல் பீங்கான் செய்வதற்குக் காப்புரிமை பெற்றார். மருந்து விற்றவர் மண்ணைத் தேடிச் சென்றார் என்பது எங்களைப் போன்றோருக்கு இனிய செய்தி.

நம் பக்கத்திலும் இம்மண் அரிதன்று. கேரளத்தில் கொல்லத்தை அடுத்த குண்டறையிலும் திருவனந்தபுரம் மாவட்டத்துத் தோன்னக்கல்லிலும், இலங்கையில் பொரலஸ்கமுவையிலும் இதன் படிவுகள் உள்ளன. நெய்வேலி வட்டாரத்தில் களிமண் கிடைப்பதை ஒட்டி விருத்தாசலத்தில் பீங்கான் தொழில் வளர்ந்தது. மின்கம்பிகளைத் தாங்கும் பீங்கான்கள், பொம்மைகள், சிறு மின்பொருள்கள் எனப் பலவும் அங்கு உருவாகின்றன.

பீங்கான் கலவையில் கயோலின் மட்டும் இருப்பதில்லை என்பதை வாசகர்கள் இங்கே மனத்திற்கொள்ள வேண்டும். பழைய வாய்பாட்டின்படி ஏறத்தாழப் பாதி கயோலின், கால் பங்கு பெல்ஸ்பார், கால் பங்கு குவார்ட்சு. குவார்ட்சு என்பது படிகச் சிலிக்கா. ஆற்று மணலில் மின்னுவதும் அதுவே. இந்தக் கால் பங்கைப் பற்றிப் பின்னர் மீண்டும் பேச நேரும்.

காகிதத் தொழிலில் இக்களிமண் இரண்டு வேலைகளைச் செய்கிறது. கூழில் கலந்தால் நார்களுக்கிடையே உள்ள இடைவெளியை நிரப்புகிறது. தாளின் மேல் பூசினால் வழவழப்பும் பளபளப்பும் தருகிறது. வண்ணப்படங்கள் அச்சாகும் இதழ்களின் கனத்தில் ஒரு பகுதி களிமண்ணின் கனமே. அண்மைப் பத்தாண்டுகளில் சுண்ணாம்புக் கனிமம் அவ்விடத்தைப் பெரும்பாலும் பிடித்துக்கொண்டது. ரப்பருக்கு உறுதி, வண்ணப்பூச்சுக்கு மறைக்கும் திறன், உரமணிகள் ஒட்டிக்கொள்ளாதிருத்தல், பூச்சிமருந்துத் தூளுக்கு ஏந்துபொருள் என இதன் பயன்கள் நீளும்.

புதிதாகச் சேர்ந்திருப்பது சிமெண்டு. களிமண்ணை ஏறத்தாழ 700 முதல் 800 டிகிரி செல்சியசு வரை சூடாக்கினால் அதனுள் பிணைந்திருந்த நீர் வெளியேறி, சுண்ணாம்போடு வினைபுரியும் தன்மை வருகிறது. இவ்வாறு சுட்ட களிமண்ணையும் சுண்ணாம்புக்கல்லையும் சேர்த்தால் சிமெண்டில் கிளிங்கரின் அளவைப் பாதியாகக் குறைக்கலாம்; கரியமில வாயு வெளியீடும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கோ அதற்குச் சற்று மேலோ குறையும். சுவிட்சர்லாந்து, கியூபா நாட்டு ஆய்வாளர்களுடன் சென்னை, தில்லி ஐ.ஐ.டி.க்களும் இவ்வாய்வில் பங்கேற்றன. புவிக்கு நல்ல செய்திதான். ஆனால், களிமண்ணைச் சுட்டு அரைக்கும் ஆலைகள் பெருகும்போது அங்கு வேலை செய்வோரின் மூச்சையும் கணக்கில் கொள்ள வேண்டும் என்பது எங்கள் கருத்து.

காயத்திலும் வயிற்றிலும்

பெருங்காயத்தில் குருதி பீறிடும்போது அழுத்திப் பிடிப்பதற்கென்று கயோலின் தோய்த்த துணிச்சுருள்கள் உள்ளன. அமெரிக்கப் படையினர் 2008 முதல் இதனைப் பயன்படுத்தி வருகின்றனர். அதற்கு முன்பு வழங்கிய சியோலைட்டுத் தூள் நீருடன் சேர்ந்ததும் சூடேறித் தோலைச் சுட்டது. கயோலினுக்கு அக்குறை இல்லை. ஆய்வகக் குழாயில் நடக்கும் அதே வினைதான் காயத்திலும் நடக்கிறது.

இதைப் படித்துவிட்டு வீட்டிலுள்ள மண்ணைக் காயத்தில் வைத்துவிடக் கூடாது. திருவண்ணாமலை மாவட்டத்து ஜடேரி கிராமத்தில் வெண்களிமண்ணைக் கரைத்து வடித்துச் செய்யப்படும் நாமக்கட்டி 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது. நெற்றிக்கு உரிய அந்த மண்ணைக் குழைத்து வீக்கத்துக்குப் பற்றுப் போடுவதும் நம் வீடுகளில் உண்டு. கிழியாத தோலின்மேல் பூசுவதால் பெரும்பாலும் தீங்கு நேர்வதில்லை. ஆனால் திறந்த புண்ணிலோ, பிறந்த குழந்தையின் தொப்புள்கொடியிலோ எந்த மண்ணையும் வைக்கலாகாது. மருத்துவமனைத் துணிச்சுருள் நுண்ணுயிர் நீக்கப்பட்டது. நிலத்து மண்ணில் டெட்டனசு கிருமியின் வித்துகள் இருக்கக்கூடும்.

வயிற்றுப்போக்குக்குக் கயோலினும் பெக்டினும் கலந்த வெண்ணிற மருந்து ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு இருந்தது. மலம் சற்றுக் கெட்டிப்படுவதுபோல் தோன்றும். உடலிலிருந்து வெளியேறும் நீரோ உப்போ அதனால் குறைவதில்லை. எனவேதான் குழந்தைகளின் வயிற்றுப்போக்குக்கு இத்தகைய மருந்துகளை உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பதில்லை. உப்புச் சர்க்கரைக் கரைசலும் துத்தநாகமும் அவ்விடத்தில் உயிர் காப்பவை. பழைய புட்டி யாரிடமாவது மீதமிருந்தால் குழந்தைக்குக் கொடுக்க வேண்டாம். களிமண் தன் பரப்பில் பிற பொருள்களைப் பிடித்து வைத்துக்கொள்ளும்; இதய நோய்க்குத் தரப்படும் டிகாக்சின் போன்ற மருந்துகள் உடலில் சேர்வதை அது குறைத்துவிடும்.

சில மாத்திரைகளில் நிரப்பியாகச் சேர்க்கப்படும் கயோலினைக் குறித்து அஞ்ச வேண்டியதில்லை. அது தூய்மை சோதிக்கப்பட்ட சிறிய அளவு. குடலில் உறிஞ்சப்படாமல் வெளியேறிவிடும். அஞ்ச வேண்டியது மண் தின்னும் பழக்கத்தைக் கண்டு. கருவுற்ற பெண்களும் சிறு குழந்தைகளும் மண், சாம்பல், சிலேட்டுக்குச்சி ஆகியவற்றைத் தின்பது நம் ஊரில் மட்டுமன்று. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் வெண்களிமண் கட்டிகளைத் தின்போர் இருக்கிறார்கள், மேற்கு ஆப்பிரிக்காவிலும் இருக்கிறார்கள். 'மசக்கை ஆசை' என்று சிரித்துவிட்டு விடுவது வழக்கம். ஆனால் இதன் பின்னே பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறைவு இருக்கும். தின்ற மண் உணவிலுள்ள இரும்பையும் பிடித்துக்கொள்வதால் குறைவு மேலும் மோசமாகும். மண்ணுடன் ஈயமும் புழு முட்டைகளும் சேர்ந்து வரக்கூடும். வீட்டில் யாருக்கேனும் இப்பழக்கம் இருந்தால் கடிந்துகொள்ளாமல் இரத்தப் பரிசோதனைக்கு அழைத்து வாருங்கள். இரும்புச்சத்து மாத்திரை தொடங்கிய சில நாள்களில் அந்த ஆசை தானே குறைவதைப் பலரிடம் காண்கிறோம்.

மூச்சின் வழியாக

வயிற்றுக்குள் போன களிமண்ணுக்கு வெளியேறும் வழி உண்டு. நுரையீரலின் ஆழத்துக்குப் போன தூசிக்கு அவ்வழி மிகக் குறுகியது.

நாம் கண்ணால் காணும் தூசி பெரும்பாலும் மூக்கிலும் தொண்டையிலும் தங்கி, சளியோடு வெளியேறிவிடும். காற்றுச் சிற்றறைகள்வரை செல்வது ஏறத்தாழ 5 மைக்ரோமீட்டருக்கும் குறைவான துகள். தலைமயிரின் தடிப்பில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. வெயிற்கற்றை படாத அறையில் அது கண்ணுக்குத் தெரியாது. ஆகவே "தூசி அப்படி ஒன்றும் தெரியவில்லையே" என்பது பாதுகாப்புக்குச் சான்றாகாது. சிற்றறையில் விழுந்த துகளைத் துப்புரவு செல்கள் விழுங்குகின்றன. சில துகள்களை அவற்றால் அகற்ற முடியும். குவார்ட்சைப் போன்றவற்றை விழுங்கிய செல் சிதைந்து, துகளை மீண்டும் வெளியே விட்டுவிடுகிறது. வேறொரு செல் அதை விழுங்கிச் சிதைகிறது. இந்தப் போராட்டம் ஆண்டுக்கணக்கில் நீடிக்கும்போது அவ்விடத்தில் தழும்பு உண்டாகிறது. தழும்புபட்ட நுரையீரல் விரியாது. ஆக்சிஜனைச் சரியாகக் கடத்தாது.

தூய கயோலின் குவார்ட்சைப்போல் கொடியதன்று. அதன் தீங்கு குவார்ட்சில் பத்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோதான் என்பது 2005-இல் உலகச் சுகாதார நிறுவனம் வெளியிட்ட மதிப்பீடு. எனினும் மிகுதியான தூசியைப் பல ஆண்டுகள் மூச்சிழுத்தால் அதுவும் நுரையீரலைக் கெடுக்கும். கார்ன்வால் களிமண் தொழிலாளர்களிடம் 1930-களிலேயே இது கவனிக்கப்பட்டது. களிமண் தொழிலாளர்களிடம் கண்ட நோயை அமெரிக்க மருத்துவர்கள் 1954-இல் 'கயோலினோசிஸ்' என்ற பெயரால் விவரித்தனர்.

எந்த வேலையில் ஆபத்து மிகுதி என்பதைப் பொதுவாகப் 'பீங்கான் கம்பெனி' என்ற ஒரு சொல்லால் அறிய முடியாது. குழியில் மண் ஈரமாக இருக்கும். கார்ன்வாலில் நீரைப் பீய்ச்சியே கரைத்து எடுத்தார்கள். தூசி கிளம்புவது உலர்த்துமிடம், அரைவை இயந்திரம், மூட்டை பிடிக்குமிடம் ஆகிய மூன்றிலே. பீங்கான் ஆலையில் உலர்ந்த கலவையைக் கொட்டுவோர், சுடாத பொருளின் ஓரத்தைத் தேய்த்துச் சீராக்குவோர், மாலையில் தரையைப் பெருக்குவோர் ஆகியோருக்கு வரும் தூசியில் முன்னே சொன்ன அந்தக் கால் பங்குக் குவார்ட்சும் இருக்கிறது. அவர்களுக்கு வருவது பெரும்பாலும் சிலிக்கோசிஸ். களிமண்ணை மிக உயர்ந்த வெப்பத்தில் சுடும்போதும் படிகச் சிலிக்கா உருவாகக்கூடும். சூளையின் உட்பூச்சைப் பெயர்ப்போர் இதை நினைவிற்கொள்க. படிகச் சிலிக்காத் தூசி புற்றுநோய்க்கும் காரணம் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1997-இல் வகைப்படுத்தியது.

இது தெரியாத செய்தியன்று. இங்கிலாந்தில் பீங்கானுக்காகச் சிக்கிமுக்கிக் கல்லை உலர்ந்த நிலையில் பொடித்தவர்கள் மூச்சுத்திணறி இறப்பதைக் கண்டு, நீருக்குள்ளேயே கல்லை அரைக்கும் முறைக்குத் தாமஸ் பென்சன் என்பவர் 1726-இல் காப்புரிமை பெற்றார். தீர்வு கண்டு ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் ஆகின்றன. இன்றும் உலர்ந்த துடைப்பத்தால் பெருக்கும் பட்டறைகள் இருக்கின்றன என்பதை வருத்தத்துடனேயே எழுதுகிறோம்.

காசநோயா, தூசிநோயா?

தூசிநோய் தொடக்கத்தில் எதையும் காட்டாது. பெரும்பாலும் பத்து ஆண்டுகளுக்கு மேல் வேலை செய்த பிறகு மாடி ஏறும்போது மூச்சிரைப்பு, வறட்டு இருமல் என்று தொடங்கும். வயதாகிவிட்டது, பீடி குடித்ததால் வந்தது என்று நோயாளியும் குடும்பமும் எண்ணிக்கொள்வார்கள். எக்ஸ்ரே எடுத்தால் நுரையீரலின் மேற்பகுதியில் சிறு புள்ளிகள் தெரியும். காசநோயும் அதே மேற்பகுதியில்தான் மிகுதியாக வரும். தொழில் என்னவென்று தெரியாமல் அந்தப் படத்தைப் பார்க்கும் மருத்துவர் காசநோய் என்று கருதுவது இயல்பு. சளியில் கிருமி காணப்படாமலே மாதக்கணக்கில் காசநோய் மருந்து உண்டும் மூச்சிரைப்பு குறையாமல் வருவோர் உண்டு. அதே வேளையில் மறுபக்கமும் உண்மை: சிலிக்கோசிஸ் உள்ளவருக்குக் காசநோய் வரும் வாய்ப்பு மற்றவரைவிடப் பல மடங்கு மிகுதி. "இது தூசிநோய்தான்" என்று முடிவுகட்டி இரண்டு வாரத்துக்கு மேற்பட்ட இருமலையும் காய்ச்சலையும் எடைக்குறைவையும் புறக்கணித்தால் அதுவும் ஆபத்தே. இரண்டையும் தனித்தனியே ஆராய வேண்டும்; அதற்குச் சளிப் பரிசோதனை, சி.டி. ஸ்கேன், மூச்சுத்திறன் சோதனை ஆகியவை உதவும்.

இவை எல்லாவற்றிலும் செலவு குறைந்த சோதனை தொழில் வரலாறு. எங்கள் பிரிவில் அதைக் கேட்கும்போது "விவசாயம்", "சும்மா இருக்கிறேன்" என்று இப்போதைய நிலையை மட்டும் சொல்வோர் பலர். எங்களுக்கு வேண்டியது முதன்முதலில் வேலைக்குச் சென்ற வயது முதல் இன்றுவரை உள்ள கணக்கு. இருபது வயதில் ஐந்தாண்டுகள் அரைவைப் பட்டறையில் இருந்தவருக்கு, அந்த வேலையை விட்டு நெடுங்காலம் கழித்தும் நோய் வெளிப்படலாம்; வேலையை நிறுத்திய பின்பும் சிலிக்கோசிஸ் வளர்வதுண்டு. கல் உடைத்தல், கிணறு வெட்டுதல், மணல் பீய்ச்சித் துரு நீக்குதல், கிரானைட்டு அறுத்தல் ஆகியவற்றையும் விடாமல் சொல்லுங்கள். நோயாளிக்கு நினைவில்லாவிட்டால் உடன் வரும் மனைவியோ மகனோ சொல்லலாம். பழைய எக்ஸ்ரே எத்தனை ஆண்டு முந்தையதாயினும் எடுத்து வாருங்கள். இன்றைய படத்தை அதனோடு ஒப்பிடும்போது நோய் வளர்கிறதா, நின்றிருக்கிறதா என்பது தெரியும்.

உருவான தழும்பை நீக்கும் மருந்து இன்று இல்லை. தூசியிலிருந்து விலகுதல், புகையை விடுதல், காசநோயை விழிப்புடன் தேடுதல், இன்புளூயன்சா, நிமோகாக்கல் தடுப்பூசிகள், மூச்சுப் பயிற்சி, தேவைப்பட்டால் ஆக்சிஜன் ஆகியவையே எங்களால் தரக்கூடியவை. ஆகையால் இன்னும் வேலையில் இருப்போருக்குச் சொல்வது இதுதான்: உலர்ந்த தூசியைப் பெருக்காமல் நீர் தெளித்தோ ஈரத்துணியாலோ துடையுங்கள். அழுத்தக் காற்றை உடலின்மேல் பீய்ச்சித் தூசி தட்டாதீர்கள். கைக்குட்டையும் சாதாரணத் துணி முகக்கவசமும் நுண்துகளைத் தடுக்கா. என்-95 போன்றது முகத்தோடு இடைவெளியின்றிப் பொருந்த வேண்டும். அதுவும் கடைசி அரண்தான். தூசி கிளம்பும் இடத்திலேயே உறிஞ்சிக் குழாய் அமைப்பது உரிமையாளரின் பொறுப்பு. வேலைத் துணியை ஆலையிலேயே மாற்றிக்கொண்டால் வீட்டில் துவைப்பவரும் மடியில் ஏறும் குழந்தையும் அந்தத் தூசியை மூச்சிழுக்க நேராது.

வேலை போய்விடுமோ என்ற அச்சத்தால் தொழிலை மறைத்துப் பேசுவோரையும் நாங்கள் அறிவோம். சிலிக்கோசிஸ் நம் நாட்டில் தொழில்சார் நோயாகச் சட்டத்தால் ஏற்கப்பட்டது. இ.எஸ்.ஐ. காப்பீட்டின் தொழில்நோய்ப் பட்டியலில் நிமோகோனியோசிஸ் இடம்பெற்றுள்ளது. ஆனால் அந்த உதவியைக் கோருவதற்கு, நோயும் தொழிலும் மருத்துவப் பதிவேட்டில் ஒன்றாக எழுதப்பட்டிருக்க வேண்டும். ஆலையின் அடையாள அட்டை, சம்பளச் சீட்டு, வருங்கால வைப்புநிதிப் பதிவு என எது இருந்தாலும் அடுத்த முறை வரும்போது அதன் நகலைக் கொண்டு வாருங்கள்; எதுவும் இல்லாதவர்கள், உடன் வேலை செய்தவர் ஒருவரை அழைத்து வந்தாலும் அவர் சொல்வதையும் சேர்த்துக் குறித்துக்கொள்கிறோம்.